கோழிப்பண்ணைக்குத் தடுப்பூசித் திட்டம் போடுவது எப்படி: வேலூர்ப் பக்கத்துப் பண்ணைகளுக்கான முழு வழிகாட்டி

புதிதாக ஷெட் போடுகிறவர்களில் பலர், பக்கத்துப் பண்ணையின் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போனில் படம் எடுத்து வந்து அப்படியே பின்பற்றுகிறார்கள். நாள் தவறாமல் தடுப்பு மருந்து கொடுத்தும் நான்காவது வாரத்தில், குஞ்சின் எதிர்ப்புச் சக்தியையே தாக்கும் கம்போரோ நோய் வந்துவிடுகிறது. உடனே மருந்து சரியில்லை என்கிறார்கள். பெரும்பாலும் மருந்தில் குறை இருப்பதில்லை. அந்த அட்டவணை வேறு தாய்க்கோழியின் குஞ்சுக்காக, வேறு தண்ணீரை வைத்துப் போட்டது. உங்கள் பண்ணைக்கான திட்டத்தை உங்கள் குஞ்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு, ஆற்காடு பக்கம் சில ஆயிரம் கோழிகளை வைத்துச் சொந்தமாக வளர்க்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கம்பெனிக்கு வளர்க்கிறவர்களுக்கு அட்டவணையைக் கம்பெனியே கொடுத்துவிடும். ஆனால் 5ஆம் படியிலிருந்து எல்லாம் அவர்கள் கையிலும்தான் இருக்கிறது.

1. குஞ்சு இறக்குவதற்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டியவை

முதலில் ஹேட்சரியில், அதாவது குஞ்சு பொரிக்கும் இடத்தில், மூன்று கேள்விகள் கேளுங்கள். குஞ்சுக்கு அங்கேயே என்ன போட்டு அனுப்புகிறீர்கள்? தாய்க்கோழிக்குக் கடைசியாகக் கம்போரோ கில்டு ஊசி (செத்த கிருமியில் செய்த மருந்து) எப்போது போட்டீர்கள்? இந்த லோடு ஒரே தாய்க்கூட்டத்துக் குஞ்சா, பல கூட்டத்திலிருந்து சேர்த்ததா?

மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உண்மையில் அதுதான் முக்கியமானது. பல கூட்டத்துக் குஞ்சுகள் கலந்து வந்தால் அவற்றின் எதிர்ப்புச் சக்தியும் பல அளவில் இருக்கும். ஒரே நாளில் கொடுக்கும் மருந்து சிலவற்றுக்கு முந்திவிடும், சிலவற்றுக்குப் பிந்திவிடும்.

அப்புறம் உங்கள் ஷெட்டின் கதையை எழுதுங்கள். போன இரண்டு மூன்று பேட்சில் எந்த வயதில் சாவு கூடியது, பரிசோதனையில் என்ன வந்தது, லிட்டரை (தரையில் பரப்பிய படுக்கையை) எடுத்து எத்தனை நாள் காலியாக விட்டீர்கள். கம்போரோ கிருமி கிருமிநாசினிக்குச் சுலபத்தில் சாகாது, ஷெட்டிலேயே மாதக்கணக்கில் இருக்கும். போன பேட்சில் வந்திருந்தால் இந்தப் பேட்சுக்கும் அது காத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும்.

சுற்றுவட்டாரத்தையும் பாருங்கள். கிராமத்து நாட்டுக்கோழிகளில் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட், கோடையில் பரவுவது நமக்குத் தெரிந்ததுதான். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமில் நாட்டுக்கோழிகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். உங்கள் ஷெட்டைச் சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்களிடம் சொல்லி அவர்கள் கோழிகளையும் கொண்டுபோக வையுங்கள். உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லாத பாதுகாப்பு அது.

2. எந்த நோய்க்குப் போடுவது, எதை விடுவது

எல்லா நோய்க்கும் மருந்து இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் போடக் கூடாது. உயிருள்ள கிருமியில் செய்த ஒவ்வொரு லைவ் மருந்தும் கோழிக்கு ஒரு சின்ன நோய். அடுக்கிக்கொண்டே போனால் தீனி குறையும், சளி பிடிக்கும், ஒரு மருந்து இன்னொன்றின் வேலையைக் கெடுக்கும்.

கறிக்கோழிக்கு ராணிக்கெட்டும் கம்போரோவும் கட்டாயம். ஐபி எனப்படும் மூச்சுக்குழல் நோய் உங்கள் பக்கம் இருந்தால் ராணிக்கெட்டோடு சேர்ந்த கூட்டு மருந்தாக எடுத்துக்கொள்ளலாம். நாற்பது நாளில் விற்றுவிடும் கோழிக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை.

முட்டைக்கோழி ஒன்றரை வருடம் இருக்கப்போகிறது. மேரக்ஸ் (கட்டியும் கால் வாதமும் வரும் நோய்), ராணிக்கெட், கம்போரோ, ஐபி, அம்மை, கொரைசா (முகம் வீங்கும் சளி நோய்), முட்டை குறைவு நோயான இடிஎஸ் வரை பார்க்க வேண்டும். இதில் மேரக்ஸ் ஹேட்சரியிலேயே முதல் நாள் போடப்படுவது. அதைப் பண்ணையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பண்ணைக் கிருமி குஞ்சைத் தொடும் முன்பே அது உடம்பில் இருக்க வேண்டும்.

3. கம்போரோ நாளைக் கணக்குப் போட்டு எடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

குஞ்சு பிறக்கும்போதே தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருளைக் கொண்டு வருகிறது. அது அதிகமாக இருக்கும்போது லைவ் கம்போரோ மருந்தைக் கொடுத்தால், மருந்துக் கிருமியை அதுவே அழித்துவிடும். காசு தண்ணீரில் போனது போலத்தான். அது முழுக்க வடிந்த பிறகு கொடுத்தால் பண்ணைக் கிருமி முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளி உண்டு. அதைத்தான் பிடிக்க வேண்டும்.

குஞ்சு வந்து இறங்கிய அன்றே சுமார் 20 குஞ்சிலிருந்து ரத்தம் எடுத்து, சீரத்தை (ரத்தத்தில் பிரியும் மஞ்சள் நீரை) எலிசா பரிசோதனைக்கு அனுப்புங்கள். எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்று காட்டி வரும் டைட்டர் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். 15ஆவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் போடும் நாளில் முக்கால்வாசிக் குஞ்சுகளுக்காவது மருந்து பிடிக்கும்.

அந்த எண் 4000 என்று வைத்துக்கொள்வோம். கறிக்கோழிக் குஞ்சில் இது ஏறத்தாழ 3 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். கம்போரோ மருந்தில் சாதா இன்டர்மீடியட்டைவிட வீரியம் கூடிய இன்டர்மீடியட் பிளஸ் வகை, 500 டைட்டர் இருக்கும்போதே உள்ளே நுழையும். 4000, 2000, 1000, 500 என்று மூன்று முறை பாதியாக வேண்டும், அதாவது 9 நாள். முதல் 4 நாள் மஞ்சள் கருவிலிருந்து எதிர்ப்புப் பொருள் இன்னும் ரத்தத்தில் சேர்ந்துகொண்டிருப்பதால் அளவு குறையாது. அந்த 4ஐயும் சேர்த்தால் 13ஆம் நாள்.

அதே குஞ்சுக்குச் சாதா இன்டர்மீடியட் மருந்தை எடுத்தால் டைட்டர் 125 வரை இறங்கக் காத்திருக்க வேண்டும். ஐந்து முறை பாதியாக 15 நாள், கூட 4, ஆக 19ஆம் நாள். ஆறு நாள் வித்தியாசம்! ‘கம்போரோ 14ஆம் நாள்’ என்று மட்டும் எழுதிய அட்டவணை ஏன் பயனில்லை என்பது இதில் தெரியும். எந்த வகை மருந்து என்பது இல்லாமல் நாளுக்கு அர்த்தமில்லை.

முட்டைக்கோழிக் குஞ்சு மெதுவாக வளர்வதால் பாதியாக ஐந்தரை நாள் வரை ஆகும். மேலே சொன்ன அதே 4000க்கு இன்டர்மீடியட் பிளஸ் போட ஏறத்தாழ 21ஆம் நாள் வரும். இந்த முறைக்கு டெவெண்டர் கணக்கு என்று பெயர். 500, 125 என்ற எல்லைகள் மருந்துக்கும் எலிசா கிட்டுக்கும் ஏற்ப மாறலாம். மருந்துக் கம்பெனி ஆட்களிடம் உங்கள் மருந்துக்கான எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

20 எண்களும் ஒன்றுக்கொன்று எட்டாமல் சிதறிக் கிடந்தால் ஒரே நாள் போதாது. 6, 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுங்கள். பரிசோதனைக்கு வழியில்லாதவர்களும் இப்படி இரண்டு முறை கொடுப்பதே பாதுகாப்பு.

பயத்தில் வீரியம் மிகுந்த ‘ஹாட்’ மருந்தை எடுக்காதீர்கள். அது எதிர்ப்புச் சக்தி உருவாகும் பர்சா உறுப்பையே காயப்படுத்தும். அதன் பிறகு கொடுக்கும் ராணிக்கெட் மருந்தான லசோட்டாவும் சரியாகப் பிடிக்காது. நோய் உறுதியாக வந்துபோன ஷெட்டுக்கு மட்டும், டாக்டர் சொன்னால் மட்டும்.

4. இப்போது நாள்காட்டியில் எழுதுங்கள்

கம்போரோ நாளை முதலில் குறித்து, மற்றதை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். ராணிக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்பின் நகரும் வசதி இருக்கிறது, கம்போரோவுக்கு இல்லை.

கறிக்கோழிக்கு 5 முதல் 7ஆம் நாளுக்குள் ராணிக்கெட்டுக்கான பி1 அல்லது லசோட்டா கண் சொட்டு. தாய்வழி எதிர்ப்புப் பொருள் இருக்கும்போதே இதை ஏன் போடுகிறோம் என்று கேட்பார்கள். கண்ணில் விடும்போது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலும் மூச்சுப் பாதையிலும் அங்கேயே பாதுகாப்பு உருவாகிறது. ரத்தத்தில் இருப்பது அதை அவ்வளவாகத் தடுக்காது. இதனால்தான் முதல் ராணிக்கெட்டைத் தண்ணீரில் கொடுக்கக் கூடாது. பிறகு கணக்குப்படி கம்போரோ, உதாரணத்துக்கு 13ஆம் நாள். 20 அல்லது 21ஆம் நாள் தண்ணீரில் லசோட்டா. கம்போரோவை இரண்டு முறை கொடுப்பதாக இருந்தால் லசோட்டாவை 25, 26க்குத் தள்ளுங்கள்.

முட்டைக்கோழிக்கு 5 முதல் 7ஆம் நாளில் ராணிக்கெட்டும் ஐபியும் கண் சொட்டாக, பிறகு கணக்குப்படி கம்போரோ இரண்டு முறை, ஐந்தாவது வாரம் லசோட்டா. 6, 7ஆவது வாரத்தில் அம்மை. 8, 9ஆவது வாரத்தில் ஆர்2பி ஊசி (ராணிக்கெட்டுக்கான வீரியம் கூடிய லைவ் மருந்து). 10ஆவது வாரத்தில் முதலாவது கொரைசா ஊசி, 12, 13ஆவது வாரம் ஐபி, முதலாவது கொரைசாவுக்கு நான்கைந்து வாரம் கழித்து இரண்டாவது கொரைசா. 16ஆவது வாரம் ராணிக்கெட், ஐபி, இடிஎஸ் மூன்றும் சேர்ந்த கில்டு ஊசி. முட்டை தொடங்கிய பிறகு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் லசோட்டா.

இதில் மாற்றக் கூடாத விதிகள் மூன்று. ஆறு வாரத்துக்கு உட்பட்ட கோழிக்கும், லசோட்டா போன்ற மென்மையான மருந்து முன்பு போடாத கோழிக்கும் ஆர்2பி போடக் கூடாது. கழுத்துத் திருகி, கால் இழுத்துச் செத்துப்போகும். முட்டையிடும் கோழிக்கும் அது வேண்டாம், உற்பத்தி விழும். இரண்டாவது, மூச்சுப் பாதையில் வேலை செய்யும் இரண்டு லைவ் மருந்துகளை, ஒரே கூட்டு மருந்தாக வந்தால் தவிர, இரண்டு வார இடைவெளி இல்லாமல் கொடுக்காதீர்கள். மூன்றாவது, கோழியைப் பிடித்துப் போடும் ஊசி எல்லாம் முட்டை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எழுதியதைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஆள் வரமாட்டார்கள், பொங்கல் வாரத்தில் மருந்துக்கடை திறக்காது. கத்திரி வெயிலில் கோழி பிடிக்கும் வேலை விழுந்தால் அதை விடியற்காலைக்கு மாற்றி இப்போதே எழுதிவிடுங்கள்.

5. மருந்து வாங்குவதும் வைப்பதும்

மருந்தைப் போடுவதற்கு முந்தின நாள் வாங்குங்கள், மாதக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். வைக்க வேண்டிய சூடு 2 முதல் 8 டிகிரி. கடையில் குப்பியைக் கையில் வாங்கும் முன் அவர்கள் எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். தெர்மாஸ் அல்லது தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப் போங்கள். குடியாத்தத்திலிருந்து பைக்கில் பாலிதீன் பையில் தொங்கவிட்டு மே மாத மதியத்தில் கொண்டுவந்த லசோட்டாவை நம்பிக் கோழி வளர்க்க முடியாது.

எண்ணெய் கலந்த கில்டு மருந்தை ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். உறைந்தால் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும், பிறகு குலுக்கினாலும் சேராது. லைவ் மருந்துக்குச் சூடு எதிரி, கில்டு மருந்துக்கு உறைவதும் எதிரி. இந்த ஒன்றைப் பண்ணையில் வேலை செய்யும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் கதவில் வைக்காதீர்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். குப்பியின் பேட்ச் எண், காலாவதித் தேதி இரண்டையும் அன்றே நோட்டில் எழுதுங்கள்.

ஐயாயிரம் கோழிக்கு ஐயாயிரம் டோஸ். ‘நாலாயிரம் போதும், கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கலாம்’ என்று சொல்லும் ஆள் உங்கள் பண்ணையில் இருந்தால், மருந்து கலக்கும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

6. தண்ணீரில் கொடுக்கும் நாள்

நம் பக்கத்தில் மருந்து வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் பல போர்வெல்களின் தண்ணீர் உப்பு ஏறியது. லாரித் தண்ணீரும் நகராட்சித் தண்ணீரும் குளோரின் போட்டு வரும். லைவ் மருந்து இந்த இரண்டையும் தாங்காது.

முந்தின இரண்டு நாள்: தண்ணீரில் குளோரின், கிருமிநாசினி, அமிலம் எதுவும் கலக்காதீர்கள். டிரிங்கரையும் டேங்கையும் வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்போ ஆசிடோ போட்டால் படிந்து நின்று மறுநாள் மருந்தைக் கொல்லும்.

முந்தின நாள் காலை: மறுநாள் மருந்து கொடுக்கப்போகும் அதே நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் கோழி எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். அந்த அளவில்தான் மருந்தைக் கலக்க வேண்டும். பொதுவான கணக்கு ஒன்று உண்டு: ஆயிரம் கோழிக்கு, வயது எத்தனை நாளோ அத்தனை லிட்டர். 3000 கோழி, 14ஆம் நாள் என்றால் 42 லிட்டர். கோடையில் இது போதாது என்பதால்தான் அளக்கச் சொல்கிறேன்.

மருந்து நாள்: விடியற்காலை ஐந்து ஐந்தரைக்குத் தொடங்குங்கள். தாகம் வர தண்ணீரை நிறுத்த வேண்டும், குளிர்காலத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், கோடையில் அரை மணி முதல் ஒரு மணி வரை. அதற்கு மேல் போனால் தண்ணீர் விட்டதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குடிக்கும். பலமானது இரண்டு பங்கு குடிக்கும், பலவீனமானதற்கு ஒன்றும் கிடைக்காது. தீனியை மட்டும் நிறுத்தாதீர்கள், தின்றால்தான் குடிக்கும்.

தண்ணீர் மோசமான இடங்களில் ஆர்.ஓ. கேன் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 42 லிட்டருக்கு இரண்டு கேன், கூடக் கொஞ்சம். எந்தத் தண்ணீரானாலும் லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைத்து, இருபது நிமிடமாவது விட்டு, அதற்குப் பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும். மிச்சமிருக்கும் குளோரினைப் பால் முதலில் எடுத்துக்கொள்ளும். பாலையும் மருந்தையும் ஒன்றாகக் கொட்டினால் அந்த வேலை நடக்காது. வீட்டுப் பாலை ஊற்றாதீர்கள், கொழுப்பு, கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிளை அடைக்கும்.

குப்பியின் மூடியைத் தண்ணீருக்குள் மூழ்க வைத்துத் திறங்கள். பிளாஸ்டிக் வாளியில், பிளாஸ்டிக் குச்சியில் கலக்குங்கள். நீலச் சாய மாத்திரையையும் சேர்த்துவிடுங்கள், பிறகு பரிசோதிக்க உதவும்.

நிப்பிள் லைன் இருந்தால் பழைய தண்ணீரை முழுக்க வடித்து, கடைசி முனையைத் திறந்து, நீலத் தண்ணீர் அங்கே வந்து கொட்டும் வரை விட்டு மூடுங்கள். இதைச் செய்யாத ஷெட்டில் லைனின் கடைசியில் இருக்கும் கோழிகள் முதல் அரை மணி நேரம் வெறும் தண்ணீரையே குடிக்கும். மணி வடிவத்தில் தொங்கும் டிரிங்கர் என்றால் மூன்றில் இரண்டு பங்குக் கோழியாவது ஒரே நேரத்தில் குடிக்கும்படி கூடுதலாக வையுங்கள்.

மருந்துத் தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். அதுவரை ஷெட்டுக்குள் மெதுவாக நடந்து, படுத்திருக்கும் கோழிகளை எழுப்பி விடுங்கள். பிறகு நாலு மூலையிலும் நடுவிலுமாக நூறு கோழியைப் பிடித்து வாயைத் திறந்து பாருங்கள். தொண்ணூறுக்காவது நாக்கு நீலமாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் குறைந்தால் அங்கே டிரிங்கர் போதவில்லை என்று அர்த்தம்.

7. கண் சொட்டு, இறக்கை, ஊசி

கண் சொட்டு: அதற்கென்று வரும் டைலூயன்ட்டில் (கலக்கும் திரவத்தில்) மட்டுமே கலக்குங்கள், ஆயிரம் டோசுக்குப் பொதுவாக 30 மில்லி. குப்பியைக் கையில் பொத்திப் பிடித்தால் கைச்சூட்டில் மருந்து சாகும். பாதிப் பாதியாகப் பிரித்து, மீதியை ஐஸில் வையுங்கள். குப்பியைத் தலைகீழாக நேராகப் பிடித்து ஒரு சொட்டு. குஞ்சு கண்ணை மூடித் திறந்து சொட்டு உள்ளே போகும் வரை விடாதீர்கள். அவசரப்படும் ஆள் இந்த ஒரு நொடியைத்தான் மிச்சப்படுத்துவார். கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள்.

அம்மை: இரட்டை ஊசியை மருந்தில் தோய்த்து இறக்கைச் சவ்வில் குத்த வேண்டும். இறகில் பட்டால் மருந்து இறகிலேயே நின்றுவிடும், அதனால் இறகை விலக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

ஊசி: கில்டு குப்பியை முன்கூட்டியே வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், சிரிஞ்சில் அளவு தவறும், போட்ட இடம் கட்டியாகும். 500 கோழிக்கு ஒருமுறையாவது ஊசியை மாற்றுங்கள்.

எண்ணெய் மருந்து தவறி உங்கள் விரலில் ஏறிவிட்டால் சின்னக் குத்துதானே என்று விடக் கூடாது. குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் கலந்த மருந்து என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம். லைவ் ராணிக்கெட் மருந்து கண்ணில் பட்டால் கண் சிவந்து வீங்கும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

8. போட்டது பிடித்ததா என்று பாருங்கள்

லசோட்டா கொடுத்த சில நாளில் லேசான தும்மல் வந்து தானே அடங்கினால் கவலை வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மைக்கோபிளாஸ்மா மாதிரி வேறொன்று உள்ளே இருக்கிறது.

அம்மை போட்ட 7 முதல் 10ஆம் நாளுக்குள் ஐம்பது கோழியின் இறக்கையைப் பாருங்கள். குத்திய இடத்தில் வீக்கமோ பொருக்கோ இருக்க வேண்டும். பலவற்றில் இல்லையென்றால் புது மருந்து வாங்கி மறுபடி போட வேண்டியதுதான்.

ராணிக்கெட்டுக்கு, போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து 15, 20 கோழியின் ரத்தத்தை, எதிர்ப்புப் பொருளை அளக்கும் எச்.ஐ. பரிசோதனைக்கு அனுப்புங்கள். இறக்கை நரம்பில் இரண்டு மில்லி எடுத்து, சிரிஞ்சிலேயே சாய்த்து வையுங்கள். ஓரிரு மணி நேரத்தில் மஞ்சளாகச் சீரம் பிரிந்து நிற்கும். அதை மட்டும் சின்னக் குப்பியில் ஊற்றி ஐஸில் அனுப்ப வேண்டும். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். இருபதில் நான்கைந்து மிகக் குறைவாக இருந்தால் அத்தனை கோழிக்கு மருந்து போய்ச் சேரவில்லை. நாளை மாற்றுவதைவிட 6, 7ஆம் படிகளைச் சரிசெய்வதுதான் அதற்குத் தீர்வு.

9. எப்போது தள்ளிப்போட வேண்டும்

கோழி சோர்ந்திருந்தாலோ, சாவு வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ அன்றைய மருந்தை நிறுத்திக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். நோய் ஊறிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஆளுக்கொரு கோழியாகப் பிடித்து ஊசி போட்டால், கையும் ஊசியுமே நோயைப் பரப்பும்.

புதிதாகச் செத்த கோழி மூன்று நான்கை இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்துவிட்டால் உறுப்புகளை அறுத்துப் பார்ப்பதில் பாதி தகவல் போய்விடும். பேட்ச் எண் எழுதிய தடுப்பூசி நோட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். சாவு ஒரே நாளில் பல மடங்காகி, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருந்தால் எதையும் ஷெட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். பறவைக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் முதலில் கால்நடை மருத்துவமனைக்குப் போனில் தகவல் சொல்லி அவர்களை வரவழையுங்கள்.